மீட்சியின் நிபந்தனை: காயமடைந்த விளையாட்டு வீரருக்குக் கிடைக்கும் சமூக ஆதரவு குறித்து

1. கேள்வி

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைத்து நிற்கும் முன்சிலுவைத் தசைநாரை விளையாட்டுக்காரர்கள் ஏசிஎல் என்பார்கள். ஊர்வழக்கில் அது ஜவ்வு. அது கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிக் கிளேர் ஆர்டெர்ன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒரு முரணைக் காட்டியது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு மூட்டு இயல்பாகவோ இயல்புக்கு நெருக்கமாகவோ இயங்கியது. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்களோ 44 விழுக்காடுதான். 2014-இல் 69 ஆய்வுகளையும் 7,556 பேரையும் உள்ளடக்கிக் கணக்கைப் புதுப்பித்தபோது அந்த எண் 55 ஆனது. மூட்டு சரியானவர்களின் எண்ணிக்கைக்கும் போட்டிக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கைக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிக்கு அறுவையின் தரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

மீண்டும் அடிபடுமோ என்ற அச்சம், தன்னம்பிக்கைக் குலைவு, படிப்பு, வேலை, குடும்பச் சூழல் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கு மருந்தாக எல்லாரும் பரிந்துரைப்பது ‘சமூக ஆதரவு’. அடிபட்டவருக்குச் சுற்றியிருப்போர் துணை நிற்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. மறுப்பில்லாத கருத்து என்பதாலேயே அது போதிய விசாரணைக்கு உள்ளாகவில்லை. எந்த ஆதரவு, யாரிடமிருந்து, எவ்வளவு காலம், என்ன நிபந்தனையில் என்று கேட்டுப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று மோதும் பல பொருள்கள் இருப்பது தெரியும்.

இக்கட்டுரையின் வாதம் இது: காயமடைந்தவருக்குக் கிடைக்கும் ஆதரவின் அளவைவிட, அது எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதே மீட்சியைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. களம் திரும்பினால்தான் தொடரும் என்ற ஆதரவு வீரரை அவசரப்படுத்துகிறது. இந்தக் காயத்தில் அவசரம் உடலுக்கே கேடு.

2. கோட்பாடுகள்

ஆதரவை வகைப்படுத்துவதில் இன்றும் பயன்படுவது, சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் முன்வைத்த நால்வகைப் பகுப்பு. பரிவும் நம்பிக்கையும் தருவது உணர்வு ஆதரவு. பணம், உழைப்பு, நேரம் என்று கைகொடுப்பது நடைமுறை ஆதரவு. வழிகாட்டும் செய்திகளைத் தருவது தகவல் ஆதரவு. ஒருவர் தன் நிலையைத் தானே எடைபோட உதவும் கருத்தைச் சொல்வது மதிப்பீட்டு ஆதரவு. ஹவுஸ் எழுதியது பணியிட நெருக்கடிகளைப் பற்றி. பின்னால் வந்த விளையாட்டு உளவியலாளர்கள் இப்பகுப்பை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஆதரவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985-இல் இரண்டு விளக்கங்களை எடைபோட்டார்கள். நெருக்கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆதரவு நன்மை செய்கிறது என்பது ஒன்று. நெருக்கடி வரும்போது அதன் தாக்கத்தை ஆதரவு தணிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்குமே சான்று இருப்பதாக அவர்கள் கண்டார்கள். நெருக்கடியின் தன்மைக்கேற்ற உதவி கிடைக்கும்போதுதான் தணிப்பு நிகழ்கிறது என்ற அவர்களது கருத்து இங்கே முக்கியமானது. பணமில்லாமல் தவிப்பவருக்கு ஆறுதல் சொல்வதும் ஆதரவுதான்; அவரது நெருக்கடிக்கு அது பொருந்தாது.

காயத்துக்கு முந்தைய நிலையைப் பற்றி ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல், ஜே. டி. பிடாசெக் மூவரும் 1990-இல் உயர்நிலைப் பள்ளி வீரர்களிடம் நடத்திய ஆய்வு வாழ்க்கை நெருக்கடிக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடியது. ஆதரவும் குறைவு, சமாளிக்கும் திறனும் குறைவு என்றிருந்தவர்களிடத்தில்தான் அத்தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்று இருந்தாலும் ஓரளவு காப்பு உண்டு என்பது இதன் உட்கிடை. டயான் வீஸ்-பியோர்ன்ஸ்டாலும் உடனாய்வாளர்களும் 1998-இல் அமைத்த ஒருங்கிணைந்த மாதிரி, காயத்தை வீரர் எப்படிப் புரிந்துகொள்கிறார், எப்படி உணர்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்ற மூன்றையும் ஒன்றையொன்று பாதிக்கும் சுழற்சியாகக் கண்டது. ஆதரவு இச்சுழற்சியின் எந்தக் கட்டத்திலும் நுழையக்கூடும்.

3. சான்றுகளின் எல்லை

இந்த ஆய்வுகளை அப்படியே ஏற்பதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, கிடைத்த ஆதரவும் கிடைக்கும் என்று நம்பும் ஆதரவும் வேறுவேறு. கேட்டால் உதவ ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை மனநலத்தோடு சீராக ஒத்துப்போகிறது. உண்மையில் பெற்ற உதவியின் அளவோ அப்படி ஒத்துப்போவதில்லை. அதிகம் துன்பப்படுபவரைத் தேடித்தான் அதிக உதவி வருகிறது. ஆகவே ஒரே வேளையில் எடுக்கும் கணக்கெடுப்பில் உதவியும் துன்பமும் சேர்ந்தே உயர்ந்து தெரியலாம். எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

இரண்டாவது, உதவியே சுமையாகவும் ஆகலாம். நியால் போல்ஜர், ஆடம் சக்கர்மன், ரொனால்ட் கெஸ்லர் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவரும் அவரது துணைவரும் நாள்தோறும் எழுதிய குறிப்புகளை ஒப்பிட்டது. துணைவர் செய்து, தேர்வர் கவனிக்காமலே போன உதவிகள்தான் மிகுந்த பயன் தந்தன. ‘எனக்கு உதவுகிறார்கள்’ என்று உணரும்படி வந்த உதவி சில வேளைகளில் மனச்சோர்வைக் கூட்டியது. தன்னால் முடியவில்லை என்பதை அது நினைவூட்டிவிடுகிறது. உடல் வலிமையையே அடையாளமாகக் கொண்ட விளையாட்டு வீரருக்கு இது இன்னும் கூர்மையாகவே உறைக்கும் என்று கருத இடமுண்டு. பிரிட்டன் புரூவரும் உடனாய்வாளர்களும் 1993-இல் விவாதித்த ‘விளையாட்டு அடையாளம்’ இங்கே வந்து சேர்கிறது: தன்னை வீரராக மட்டுமே காண்பவருக்கு அந்த அடையாளம் வலிமை தருவது போலவே காயத்தின்போது பலவீனமாகவும் மாறும்.

மூன்றாவது சிக்கல் நமக்கு மிக நெருக்கமானது. இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரித்தானியக் கல்லூரிகளிலும் சங்கங்களிலும் நடந்தவை. அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் பிசியோதெரபிஸ்ட், காயப் பராமரிப்பாளர், அணி மருத்துவர் எல்லாரும் முன்னமே இருக்கிறார்கள். நடைமுறை ஆதரவு பெரும்பாலும் உறுதியான இடத்தில், உணர்வு ஆதரவில் உள்ள வேறுபாடுகளை அளப்பதற்குப் பொருள் உண்டு. அந்த அடித்தளம் இல்லாத இடத்துக்கு அதே முடிவுகளைக் கொண்டுவந்தால் ‘அன்பாகப் பேசுங்கள், ஊக்கப்படுத்துங்கள்’ என்ற அறிவுரைதான் மிஞ்சும்.

4. வீட்டுக்குள் நடக்கும் மீட்சி

மாவட்ட அளவில் கபடியோ கால்பந்தோ ஆடும் ஒருவருக்கு ஏசிஎல் அறுவை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரங்களை நினைத்துப் பார்க்கலாம். முழங்காலை முழுதாக நீட்டவும், தொடைத் தசை வற்றிவிடாமல் காக்கவும் ஒரு நாளில் பலமுறை பயிற்சி செய்ய வேண்டும். குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கிப் பிடித்து விடுவதுதான் தொடக்கப் பயிற்சி. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். வேறு தடைகள் இருக்கின்றன. வீட்டில் குத்துக்காலிட்டு அமரும் கழிப்பறை. மடங்காத காலோடு அதைப் பயன்படுத்த முடியாது. நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடைக்கும் வரை காலைக்கடனே பெரும்பாடு. வீடு மாடியிலிருந்தால் பிசியோவிடம் போவதே ஒரு பயணம். ஊன்றுகோலோடு பேருந்தில் ஏற ஆள் துணை வேண்டும். துணை வருபவருக்கு அன்றைய கூலி போகும்.

மருத்துவக் காப்பீட்டின் இயல்பே மருத்துவமனைச் சேர்க்கையையும் அறுவையையும் மையமாகக் கொண்டது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு அறுவையின் கதவைத் திறந்துவிட்டது பெரிய காரியம். ஆனால் இந்தக் காயத்தில் அறுவை என்பது ஓரிரு மணி நேர வேலை. அதற்குப் பின் வரும் ஒன்பது மாதங்கள்தான் சிகிச்சையின் பெரும்பகுதி. அந்த மாதங்களின் செலவு பில்லாக வருவதில்லை. பேருந்துக் கட்டணமாக, போன கூலியாக, முட்டைக்கும் பாலுக்கும் ஆகும் காசாக வருகிறது. ஆகவே நடைமுறை ஆதரவு இல்லாத இடத்தில் பயிற்சியைத் தவறவிடுவதை ‘மன உறுதிக் குறைவு’ என்று சொல்வது பிழை. கோஹனும் வில்ஸும் பேசிய பொருத்தம் இங்கே சாய்ந்துவிடுகிறது: நெருக்கடி ஒரு வகை, வந்து சேரும் உதவி வேறொரு வகை.

ஊரும் குழுவும் உதவாமல் இல்லை. கபடிக் குழுக்கள் அறுவைக்கென்று வசூல் செய்கின்றன. வாட்ஸ்அப்பில் வேண்டுகோள் சுற்றுகிறது. முதல் வாரத்தில் வீடு நிறைய ஆள் வருகிறது. இவ்வுதவி ஒரே தடவையில் கொட்டி ஓய்ந்துவிடும் இயல்புடையது. தேவையோ சிறுகச் சிறுக, நெடுநாள் நீள்கிறது.

5. ஊர் சொல்லும் வைத்தியம்

தகவல் ஆதரவில் நமக்குப் பஞ்சமே இல்லை. எல்லாரும் எதையாவது சொல்கிறார்கள். “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, சுளுக்குதான்” என்பது மைதானத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. கிழிசல் தெரிய எம்ஆர்ஐ வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் முழங்காலை அசைத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். எக்ஸ்ரேயை நம்பி வீக்கம் வடிந்ததும் ஆடப் போய், இரண்டாம் முறை முழங்கால் நழுவி, குறுத்தெலும்பையும் கிழித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

புத்தூர்க் கட்டு என்ற நாட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போவதும் இதே சூழலில்தான் நடக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அங்கே கிடைப்பவற்றைப் பட்டியலிட்டால் கவர்ச்சி புரியும்: குறைந்த செலவு, கையால் தொட்டுப் பார்க்கும் கவனிப்பு, ‘சரியாகிவிடும்’ என்ற உறுதி, கூடவே வரும் உறவினர் கூட்டம். ஹவுஸின் பகுப்பில் உணர்வும் நடைமுறையும் அங்கே நிறைவாகவே இருக்கின்றன. குறைவது தகவல் மட்டும். கிழிந்த ஏசிஎல்லைக் கட்டுப்போட்டு முன்போல இணைத்துவிட முடியாது. நவீன மருத்துவமனையில் நிலைமை தலைகீழ். சரியான தகவல் உண்டு. அதை நிதானமாகச் சொல்ல நேரமோ ஆளோ இல்லை.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கல்லூரிக் கால்பந்து வீராங்கனை ஒருவர் முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் கால் அகற்றப்பட்டு உயிரிழந்தார். அறுவைக்குப் பின் போட்ட இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டதாகச் செய்திகள் வந்தன. மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அளித்தது. மருத்துவப் பிழை பற்றிய விவாதம் நியாயமானது. அதற்கு அப்பால் ஒரு கேள்வி விவாதிக்கப்படாமலே போனது. மாணவ வீரருக்கு முழங்காலில் அடிபட்டால் எங்கே போவது, அறுவைக்குப் பின் எந்த வலியை இயல்பென்று பொறுப்பது, எந்த வலிக்கு உடனே ஆள் அழைப்பது என்று சொல்லும் பொறுப்பு விளையாட்டு அமைப்பில் யாருடையது?

6. பயிற்சியாளரும் அணியும்

ஜிங்சென் யாங் குழுவினர் 2010-இல் அமெரிக்கக் கல்லூரி வீரர்களைக் காயத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். காயத்துக்குப் பின் பயிற்சியாளர், காயப் பராமரிப்பாளர், மருத்துவர் ஆகியோரை வீரர்கள் கூடுதலாகச் சார்ந்திருந்தார்கள். டேமியன் கிளெமென்ட்டும் வனெசா ஷானனும் 2011-இல் கண்டது, காயப் பராமரிப்பாளரிடம் கிடைத்த ஆதரவில் வீரர்களுக்கு இருந்த நிறைவு, பயிற்சியாளரிடமும் சக வீரரிடமும் கிடைத்ததைவிடக் கூடுதல் என்பது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், காயத்துக்குப் பின் பயிற்சியாளரைக் கூடுதலாகச் சார்ந்தாலும் அவரிடம் கிடைக்கும் நிறைவு பராமரிப்பாளரிடம் கிடைப்பதை எட்டுவதில்லை என்று ஊகிக்கலாம்.

பயிற்சியாளர் கெட்டவர் என்பதால் இப்படி நடப்பதில்லை. அணியைத் தேர்வு செய்யும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. “எப்போ வர்ற?” என்ற அக்கறைக் கேள்வியும் வீரரின் காதில் தேர்வுக் கேள்வியாகவே விழும். பராமரிப்பாளருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவரிடம் வலிக்கிறது என்று அஞ்சாமல் சொல்லலாம். தமிழகப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே உடற்கல்வி ஆசிரியர்தான் பயிற்சியாளர், முதலுதவிக்காரர், வலிநிவாரணி ஸ்பிரே அடிப்பவர், சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்கித் தருபவர் எல்லாம். அவரது உழைப்பும் அணி வென்ற கோப்பைகளால்தான் அளக்கப்படுகிறது. வலியைச் சொல்ல வேண்டிய இடமும் வலியை மறைக்க வேண்டிய இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. அடிபட்டவரை வீட்டில் உட்காரவைக்காமல், கபடியில் ஸ்கோர் ஷீட் எழுதவோ இளையவர்களின் பயிற்சியைக் கவனித்துத் திருத்தம் சொல்லவோ வைத்தால் அணியோடு உள்ள தொடர்பு அறாமல் இருக்கும். உதவி பெறுபவராக மட்டும் இல்லாமல் உதவுபவராகவும் இருப்பதால், போல்ஜர் குழுவினர் சுட்டிய சுமை அங்கே குறைய வாய்ப்புண்டு. சிலருக்கு ஓரத்தில் அமர்ந்து பார்ப்பதே வேதனையாக இருக்கும். ஆகவே இதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

7. வீராங்கனையின் கூடுதல் சுமை

கால்பந்து, கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடக் குறைந்தது இரு மடங்கு. யாங் குழுவினரின் ஆய்வில் ஆண்களுக்கு ஆதரவாளர் எண்ணிக்கை அதிகம். பெண்களுக்கு எண்ணிக்கை குறைவு, நிறைவு அதிகம். சிலரையே சார்ந்திருப்பவருக்கு அவர்களில் ஒருவர் விலகினாலும் இழப்பு பெரிது.

நம் குடும்பங்களில் அந்த விலகல் அன்பின் வடிவிலேயே வரும். “போதும்டி, கால்ல தையலோட நிக்கிற. இனிமே படிப்பைப் பாரு” என்று ஓர் அம்மா சொல்வதில் பரிவு முழுதாக இருக்கிறது. மகளை அனுப்ப முன்பே அரைமனதாக இருந்த வீட்டுக்குக் காயம் ஒரு காரணத்தைத் தந்துவிடுகிறது. அளவுகோல் வைத்து அளந்தால் இது உயர்ந்த உணர்வு ஆதரவாகவே பதிவாகும்; விளைவோ விளையாட்டிலிருந்து வெளியேற்றம். களம் திரும்பச் சொல்லி நெருக்கும் பயிற்சியாளரும் களத்தை மறக்கச் சொல்லும் வீடும் எதிரெதிராகத் தோன்றினாலும், முடிவெடுக்கும் உரிமையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்வதில் இருவரும் ஒன்றுதான்.

8. பதக்கத்தைத் தொடரும் ஆதரவு

உச்சத்தில் இருப்பவர்களுக்கு இந்தியாவில் ஆதரவு அமைப்பு உருவாகி வருகிறது என்பதை மறுக்க முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் வெளியேறிய வினேஷ் போகாட், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். மல்யுத்தத்தில் அதை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். முதுகு வலியால் அதே ஆசிய விளையாட்டைத் தவறவிட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2020-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு பிசியோதெரபிஸ்ட் ஆரன் ஹோர்ஷிக்கிடம் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். உடன் பயிற்சியாளர் விஜய் சர்மாவும் சென்றார். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2022 டிசம்பர் 30-இல் கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்த்தைக் கிரிக்கெட் வாரியம் டேராடூனிலிருந்து மும்பைக்கு விமானத்தில் கொண்டுசென்றது. ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து 2024 மார்ச்சில் அவர் ஐபிஎல் களத்துக்குத் திரும்பினார். ஒலிம்பிக் வாய்ப்புள்ளவர்களின் காயங்களைக் கண்காணிக்க ஒன்றிய அரசு 2022-இல் ஒரு மைய அமைப்பையும் தொடங்கியது.

இந்த வெற்றிகளில் பொதுவாக இருப்பது காலம். அவர்களுக்கு அவசரமில்லாமல் காலம் தரப்பட்டது. ஏசிஎல் அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய விகிதத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று ஹெகே கிரிண்டெம் குழுவினர் 2016-இல் காட்டினார்கள். காலம் இங்கே ஒரு மருந்து; அந்த மருந்துக்கு விலை உண்டு.

மாணவ வீரரால் அந்த விலையைக் கொடுக்க முடிவதில்லை. பள்ளி விளையாட்டுகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிளஸ் டூ ஆண்டில் ஒன்பது மாதம் போனால் அந்த வயதுப் பிரிவே போகலாம். கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீடும், தமிழக அரசு வேலையின் 3 விழுக்காடு ஒதுக்கீடும் சான்றிதழ்களைத்தான் கேட்கின்றன. சான்றிதழுக்குக் களத்தில் நிற்க வேண்டும். எனவே ஆறாம் மாதமே கட்டைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். சுற்றியிருப்போரின் ஊக்கச் சொற்கள் அந்நேரத்தில் அவசரத்தின் பக்கம்தான் சேர்கின்றன. மறுகாயத்துக்குப் பின் ‘அவனுக்கு அதிர்ஷ்டமில்லை’ என்று முடித்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பணம் குறைவு; எல்லாரையும் தாங்க முடியாது; வாய்ப்புள்ளவரைத் தேர்ந்து உதவுவதே நடைமுறை என்பார்கள். பயிற்சிக்கும் வெளிநாட்டுப் போட்டிக்கும் இந்த வாதம் செல்லும். காயத்துக்குச் செல்லாது. ஆலையில் கை நசுங்கிய தொழிலாளியிடம் இனி எவ்வளவு உற்பத்தி செய்வாய் என்று கேட்டு இழப்பீட்டை முடிவு செய்வதில்லை. வேலையின்போது அடிபட்டது என்பதே உரிமைக்குப் போதும். 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-இன் ஈஎஸ்ஐ சட்டமும் நின்ற அடிப்படை அது. பள்ளிக்காகவும் மாவட்டத்துக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடி அடிபட்டவர் சம்பளப் பட்டியலில் இல்லை என்பதால் அந்தத் தர்க்கத்துக்கு வெளியே நிற்கிறார். 1982-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு வீரர் நல நிதி போன்ற ஏற்பாடுகள் உண்டு. அவை விண்ணப்பித்து, சிறப்பை நிறுவி, கருணையாகப் பெறும் உதவிகள். உரிமையாக வருவதற்கும் கருணையாக வருவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. மனநலத்தோடு சீராக ஒத்துப்போவது அந்த நம்பிக்கைதான் என்பதை மூன்றாம் பகுதியில் கண்டோம்.

9. முடிவுகள்

ஆதரவு தனியொருவரின் நற்குணமாகப் பேசப்படும்வரை, அது இருப்பவருக்கு இருக்கும், இல்லாதவருக்கு இராது. மேலே எடைபோட்ட சான்றுகள் நான்கு மாற்றங்களை நோக்கிச் செல்கின்றன.

அதிகாரப்பூர்வப் போட்டியிலோ பயிற்சியிலோ அடிபட்ட மாணவ வீரரின் விடுதி இடமும் உதவித்தொகையும் ஓராண்டுக்கு உறுதியாக வேண்டும். மருத்துவச் சான்றோடு இழந்த ஆண்டை வயதுப் பிரிவிலும் ஒதுக்கீட்டுக் கணக்கிலும் ஈடுசெய்ய விதி வேண்டும். காப்பீடு, அறுவையோடு நிற்காமல் அதற்குப் பிந்தைய பிசியோதெரபியையும் பயணச் செலவையும் ஏற்க வேண்டும். மாவட்டந்தோறும், அணித் தேர்வில் எந்தப் பங்கும் இல்லாத பிசியோ ஒருவர் பள்ளி, கல்லூரி வீரர்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். எந்த வலிக்கு யாரை அழைப்பது என்ற கேள்விக்கு அப்போதுதான் ஒரு முகவரி கிடைக்கும்.

திரும்ப ஆடுவதில்லை என்று முடிவெடுப்பவரும் இந்த ஏற்பாட்டுக்கு உரியவரே. ஆர்டெர்ன் கணக்கில் போட்டிக்குத் திரும்பாத 45 விழுக்காட்டினரைத் தோல்வியாகவே எண்ணப் பழகிவிட்டோம். வேறு வாழ்க்கையைத் தாமே தேர்ந்தவர்களும், வழியில்லாமல் விட்டவர்களும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறார்கள். இவ்விரு சாராரையும் பிரித்துக் காட்டும் ஆய்வு தமிழக மைதானங்களிலிருந்து எழுதப்பட வேண்டும். விட்டவரிடம் ஏன் விட்டார் என்று கேட்பதிலிருந்து அது தொடங்கலாம்.